நாணயம் பார்த்த கண்ணால் உறுதியைப் பாருங்கள்

(சேகரிப்பை விற்று வீடு வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் அத்தியாயம்)

திருகோணமலையில் பழங்காசு சேர்ப்பவர்களிடம் ஒரு விசித்திரத்தைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். ஒரு செப்புத் துட்டு வாங்க ஆறு மாதம் யோசிப்பார்கள். நிறை பார்ப்பார்கள், விளிம்பை நகத்தால் தடவுவார்கள், யாரிடமிருந்து வந்தது, அவருக்கு எங்கே கிடைத்தது என்று மூன்று தலைமுறைக்கு விசாரிப்பார்கள். அதே மனிதர் உவர்மலையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஏறுவார். உள்துறைமுகத்தில் கப்பல் விளக்குகள் எரிவதைப் பார்ப்பார். கீழே இறங்கும்போது முற்பணம் கொடுத்து முடித்திருப்பார்.

போன வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு துணிப்பைகளோடு என் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்தார். ஒன்றில் நாற்பது வருடச் சேகரிப்பின் பதிவுக் கொப்பிகள். மற்றதில் ஒரு வீட்டு உறுதியின் போட்டோப் பிரதி.

"சேர், இதை வித்து அதை வாங்கலாமோ? ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ."

அவர் என்னைவிட மூத்தவர். கேட்க வந்த காரியம்தான் என்னைச் சேர் ஆக்கியது. நான் முதலில் திறந்தது இரண்டாவது பையை. காசுகளைக் காட்டத்தான் அவர் வந்திருந்தார் என்பதால் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் ஒழுங்கு அதுதான். விற்ற சேகரிப்பு திரும்பி வராது. வீட்டின் கடதாசி பிழை என்றால் விற்கும் கேள்வியே எழாது. ஆகவே வீட்டிலிருந்து தொடங்குவோம்.

உறுதியின் முன்பக்கமும் பின்பக்கமும்

நீங்கள் பார்த்த வீடு நிற்கும் நிலம் தனியார் உறுதிக் காணியா, அரச காணியா என்பதே முதற்கேள்வி. நகரத்துக்குள் உறுதிக் காணிகள் உண்டு. கந்தளாய், மூதூர், தம்பலகாமம் என்று வெளியே போகப் போக, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகளும் அளிப்புக் காணிகளும் கூடிக்கொண்டே போகும். அனுமதிப்பத்திரக் காணியை வைத்திருப்பவர் நினைத்தபடி விற்க முடியாது. அளிப்புக் காணியைக் கைமாற்றவும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இது தெரிந்தும் ஒரு சத்தியக் கடதாசியை எழுதிக் கையொப்பம் வைத்து, "எல்லாரும் இப்பிடித்தான் வாங்கினவை" என்று காசை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடதாசி உங்களுக்கு உரிமை தராது. காசு சேர்ப்பவர் பாஷையில் சொன்னால், அது வார்ப்புக் காசு. பார்க்க நன்றாக இருக்கும், தட்டினால் சத்தம் வராது.

இலங்கையில் அசையாச் சொத்தின் விற்பனை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் நடக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. உறுதி எழுதினால் மட்டும் போதாது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி அதைக் காணிப் பதிவுக் கந்தோரில் பதிய வேண்டும். ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்றிருந்தால், மோசடி இல்லாதவரை, முந்திப் பதிந்த உறுதிதான் மேலோங்கும். ஆகவே பதிவேட்டின் தாள்களை முப்பது வருடமாவது பின்னோக்கிப் பார்ப்பது நொத்தாரிசுகளின் வழமை. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு துட்டின் வரலாற்றை மூன்று தலைமுறைக்கு விசாரித்தவருக்கு இது பெரிய வேலையா?

திருகோணமலையில் அப்படிப் பின்னோக்கிப் போகும் வருடங்கள் லேசானவை அல்ல. 1983, 1985, 1990 என்று ஒவ்வோர் அலையிலும் ஆட்கள் வளவை விட்டுப் போனார்கள். சிலர் முகாமுக்கு, சிலர் இந்தியாவுக்கு, சிலர் கனடாவுக்கும் லண்டனுக்கும். திரும்பி வந்தபோது வீட்டில் வேறு குடும்பம். நம் சட்டத்தில் பத்து வருடம் ஒருவர் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராகக் காணியை ஆண்டால் ஆட்சியுரிமை கேட்கலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. யுத்தத்தால் காணிக்குப் போக முடியாதவர்களுக்காக 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கிலிருந்து விலக்க இடம் தந்தது. இதன் பொருள்: "நாங்கள் தொண்ணூறிலிருந்து இருக்கிறம், காணி எங்கட" என்று விற்க வருபவரின் பேச்சில் ஓட்டை இருக்கலாம். பழைய உரிமையாளர் டொரொன்டோவில் உயிரோடு இருக்கிறாரா, அவருடைய பிள்ளைகள் எத்தனை பேர், எல்லாரும் கையொப்பம் வைத்தார்களா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவத்தோடு தம்பியோ மருமகனோ வருவார். அந்தத் தத்துவம் பதிவு செய்யப்பட்டதா, பிறகு ரத்தாகியதா என்பதைப் பதிவாளர் நாயகத்தின் கந்தோர் வழியாகச் சரிபாருங்கள். இன்னொன்றும் உண்டு. கொடுத்தவர் இறந்த கணமே அற்றோணித் தத்துவமும் இறந்துவிடும். ஆகவே கொடுத்தவரோடு வீடியோ அழைப்பில் ஒரு தடவையாவது முகம் பார்த்துக் கதையுங்கள். அவர் உறுதி எழுதும் நாளிலும் உயிரோடு இருக்க வேண்டும் என்று சொல்ல வாய் வராது. ஆனால் சட்டம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

துறைமுகக் காட்சிக்கு ஆசைப்படுபவருக்கு இரண்டு தனிச் சிக்கல்கள். துறைமுகத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் 1984இல் வர்த்தமானி அறிவித்தல் மூலம் இலங்கைத் துறைமுக அதிகாரசபையின் கீழ் வந்தது. தலைமுறையாகக் குடியிருந்தவர்களின் வளவுகளும் அந்த எல்லைக்குள் அகப்பட்டன. விற்பவர் கையில் தாத்தா காலத்து உறுதி இருக்கலாம். வரைபடத்தில் அந்த வளவு எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்பதை நில அளவையாளரை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது கரை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டவோ பெருப்பிக்கவோ கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அனுமதி இல்லாமல் போட்ட மேல்மாடியையும் சேர்த்து "கடல் தெரியுது பாருங்கோ" என்று விலை சொல்வார்கள். அந்த மேல்மாடிக்கான கடதாசியைக் கேளுங்கள்.

வீட்டின் உடம்பைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. உப்புக்காற்று கம்பியைத் தின்னும். கூரைத் தட்டின் அடியில் சீமெந்து வெடித்துத் துருக்கோடு தெரிந்தால் அது பூச்சு வேலையால் தீராது. கிணற்றுத் தண்ணீரைக் கச்சான் வீசும் ஆவணி மாதத்தில் நாக்கில் வைத்துப் பாருங்கள். மார்கழியில் எல்லாக் கிணறும் இனிக்கும். குழாய்த் தண்ணீர் கந்தளாயிலிருந்து வருகிறது. அந்த வீதிக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதை விற்பவரிடம் கேட்காமல் அயல்வீட்டு அக்காவிடம் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 காலையில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதையும் அவரே சொல்வார்.

இப்போது முதலாவது பை

ஆசிரியரின் கொப்பிகளைத் திறந்தபோது இந்த ஊரின் வரலாறே அகர வரிசையில் இருந்தது. யாழ்ப்பாண அரசர்களின் காளை பொறித்த, தமிழில் "சேது" என்று எழுதிய செப்புக்காசுகள் சில. ஒல்லாந்தர் காசுகள் பல. 1942இல் உலோகத் தட்டுப்பாட்டால் இலங்கை அரசு அடித்த சதக் கடதாசிகள் ஒரு முழுத் தொகுதி. அவற்றில் ஒன்று, இரண்டு சதமும் மூன்று சதமுமாகக் கிழித்துப் பிரித்துப் பாவிக்கும்படி நடுவில் துளையிட்ட ஐந்து சதத் தாள். அந்த வருடம் ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைமேல் குண்டு போட்டன. சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்றும் அன்றைக்கு எரிந்தது. அந்தக் காலத்துக் கடையில் மிச்சம் கொடுத்த கடதாசி இது. பிறகு இலங்கையின் முதல் தபால் முத்திரையிலிருந்து தொடங்கும் ஒரு அல்பம். முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி ஆறு பென்சுக்கு வெளியானது. ஆசிரியரிடம் இருந்த பிரதியின் ஓரம் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. அவரே அதைப் பென்சிலில் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பைப் பார்த்ததும் அவர்மேல் மரியாதை கூடியது.

ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது ஒன்பது செப்புக் காசுகளில். வட்டம் ஒழுங்காக இல்லாத, தடித்த ஒல்லாந்தத் துட்டுகள். ஒரு பக்கத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சி. முத்திரை, அதன்மேல் அடித்த ஊரின் எழுத்து. கொழும்புக்கு சி, காலிக்கு ஜி, யாழ்ப்பாணத்துக்கு ஐ. இந்த ஒன்பதிலும் டி. திருகோணமலை. 1782இல் ஆங்கிலேயர் பிடித்து, அதே வருடம் பிரெஞ்சுக்காரர் பறித்து, மறுபடி ஒல்லாந்தர் கைக்கு வந்த துறைமுகம் இது. 1795 ஓகஸ்ட்டில் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்ததோடு ஒல்லாந்தர் காலம் முடிந்தது. இடையில் இருந்த அந்தச் சொற்ப வருடங்களுக்குள் அடித்தவை இந்த டி காசுகள். கொழும்புக் காசைவிடக் குறைவாகத்தான் கண்ணில் படும்.

"இந்த ஒன்பதையும் லண்டன் ஏலத்துக்கு அனுப்பினா வீட்டில பாதி முடிஞ்சுது சேர்" என்றார்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருள் என்கிறது. காசும் அதில் அடக்கம். கண்டி உடன்படிக்கை கையெழுத்தான நாள் அது. சேதுக் காசும் ஒல்லாந்தர் துட்டும் அந்தக் கோட்டுக்கு முந்தியவை. தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். கடித உறையில் வைத்து அனுப்பினாலும் குற்றம், மகனுடைய சூட்கேசில் போனாலும் குற்றம். இதற்கு மேலே, 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டம் ஏற்றுமதியையும் கலாசாரச் சொத்து வியாபாரத்தையும் அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. ஆகவே 1815க்குப் பிந்திய காசு, முத்திரை, கடதாசி என்றாலும் வெளியே அனுப்பமுன் தொல்லியல் திணைக்களத்தில் எழுதிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வளவைக் கொத்தும்போது வெளிவந்த புதையல் காசா? அது உங்கள் சேகரிப்பே அல்ல. அறிவிக்க வேண்டிய பொருள்.

விளைவு என்ன? சேகரிப்பில் எது மிக உயர்ந்ததோ அதற்குத்தான் சந்தை மிகக் குறுகியது. டி காசுகளை வாங்கக்கூடியவர்கள் இந்தத் தீவுக்குள் ஒரு கை விரலில் எண்ணக்கூடிய சிலர். அவர்களுக்கு நீங்கள் அவசரத்தில் இருப்பது தெரிந்தால் விலை இன்னும் குறையும். ஆசிரியரின் கணக்கில் வீட்டில் பாதியாக இருந்த ஒன்பது காசுகள், என் கணக்கில் குசினியும் குளியலறையும் ஆகச் சுருங்கின.

புத்தக விலையும் கைக்காசும்

சேகரிப்பாளர் எல்லாரும் விலைப்பட்டியல் புத்தகத்தைத் திறந்து கூட்டுவார்கள். நானும் செய்திருக்கிறேன். அந்தக் கூட்டுத்தொகை வேறு உலகத்துக் காசு. வியாபாரி உங்களிடம் வாங்கி, வைத்திருந்து, இன்னொருவரிடம் விற்று, லாபம் பார்க்க வேண்டும். சாதாரணத் துண்டுகளுக்கு அவர் புத்தக விலையில் பாதிக்கும் கீழே கேட்பது வழமை. அதற்காக அவரைத் திட்ட முடியாது. ஏலத்தில் போட்டால் விற்பவரிடமும் தரகு, வாங்குபவரிடமும் தரகு. காசு கைக்கு வர மாதங்களாகும்.

இன்னொரு பொறி, பாலாடை. வாங்க வருபவர் அல்பத்தைப் புரட்டி, நல்ல பத்தை எடுத்துக்கொண்டு கூடின விலையே தருவார். உங்களுக்குச் சந்தோசம். மிச்சம் ஆயிரம் துண்டுகளும் பிறகு யாருக்கும் வேண்டாம். இப்படித்தான் நான் என்னுடைய 1942 கடதாசித் தொகுதியை இழந்தேன். ஒருவர் வந்து அந்த ஐந்து சதத் தாளை மட்டும் உருவினார். தொகுதியில் ஒன்று போனதும் மற்றவை வெறும் பழைய கடதாசி ஆகிவிட்டன. பிழை என்னுடையது. தொகுதியாகக் கொடுப்பதை முதலில் கேட்டு, துண்டாகக் கொடுப்பதைக் கடைசிக்கு வைத்திருக்க வேண்டும்.

விற்கமுன் காசைத் துலக்க வேண்டாம். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோனால் வாங்குபவர் முகம் சுளிப்பார். செப்பின்மேல் வருடக்கணக்காக ஏறிய நிறம்தான் அதன் வயதுச் சாட்சி. பச்சைக் களிம்பு பிடித்து அரிக்கிறதென்றால் அது வேறு கதை. அதை அறிந்தவர் கையில் கொடுங்கள். முத்திரையில் பசை இருந்தால் அதைக் கழுவ வேண்டாம். பதிவுக் கொப்பியில் ஒவ்வொன்றுக்கும் நிறை, விட்டம், இருபக்கப் படம், எங்கே எப்போது வாங்கியது என்பது இருந்தால் விலை ஏறும். ஆசிரியரின் கொப்பிகள் அவருடைய காசுகளில் பலவற்றைவிடப் பெறுமதியானவை என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. பிறகு வந்து கேட்ட இரண்டு பேரும் முதலில் கொப்பியைத்தான் கேட்டார்கள்.

தங்கப் பவுண் இருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். ஆங்கிலேயப் பவுண் 22 கரட், நிறை 7.98 கிராம். அடகுக் கடையும் வங்கியும் பார்ப்பது தங்கத்தை. அரிய வருடமானாலும் சாதாரண வருடமானாலும் ஒரே காசு. ஆகவே சாதாரண வருடப் பவுணை அடகு வைக்கலாம், விற்கலாம். அரிய வருடப் பவுணைத் தங்க விலைக்குக் கொடுப்பது நட்டம்.

கைமாறிய இரண்டு சேகரிப்புகள்

பெரிய ஆட்களும் இந்தக் கேள்விக்கு முகம் கொடுத்தார்கள். கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இந்தியா முழுதும் திரிந்து ஓவியமும் சிற்பமும் சேர்த்தார். இந்தியாவில் ஒரு தேசிய அரும்பொருட்காட்சியகம் கட்டினால் தன் சேகரிப்பைத் தருவதாகச் சொன்னார். யாரும் கட்டவில்லை. 1917இல் டென்மன் ராஸ் என்பவர் அதை வாங்கிப் பொஸ்டன் நுண்கலைக் காட்சியகத்துக்குக் கொடுத்தார். அங்கே இந்தியப் பிரிவின் பொறுப்பாளராகக் குமாரசுவாமியும் போனார். 1947இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். சேகரிப்பை விற்றவர் சேகரிப்போடு தானும் போன கதை இது. எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் இதில் ஒரு நடைமுறை யுக்தி இருக்கிறது. வாங்குபவர் ஒரு நிறுவனம் என்றால், விலையோடு சேர்த்துப் பட்டியலிடும் வேலையையும் நீங்களே செய்வதாகப் பேசிப் பாருங்கள். சேகரித்தவருக்குத் தெரிந்தது எந்த அலுவலருக்கும் தெரியாது.

மற்றவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதிய கலைஞர். பழைய தமிழ்ப் புத்தகம், சஞ்சிகை, நாடக நோட்டீசு, கலியாண அழைப்பிதழ் வரை சேர்த்து வீட்டை நிரப்பினார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. புத்தகங்கள் சிகாகோவுக்குக் கப்பலேறவில்லை. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக நிறுவினார்கள். மொத்தமாக, ஒரே இடத்தில், பெயரோடு. பாலாடையை யாரும் அள்ளவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த நமக்கு, ஒரு தொகுப்பு முழுசாகத் தப்புவதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. உங்களுடையது கடதாசிச் சேகரிப்பு என்றால், விற்கமுன் முழுவதையும் படமெடுக்க நூலகம் நிறுவனம் போன்றவர்களிடம் கதையுங்கள். பொருள் போனாலும் உள்ளடக்கம் தங்கும்.

மூன்றாவதாக ஒருவரையும் சொல்லத் தோன்றுகிறது, கணக்கில் சேராவிட்டாலும். 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கோடு நம் சுவாமி மலையடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டவர் மைக் வில்சன். 1961இல் தென்கடலில் பெரிய பசஸ் பாறையடியில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் குவியலாக அகப்பட்டபோதும் அவர் இருந்தார். அந்த மனிதர் பிறகு எல்லாவற்றையும் விட்டு சுவாமி சிவ கல்கி ஆனார். அவருக்கு இந்த அத்தியாயம் தேவைப்படவில்லை.

கணக்கும் வீட்டுக்காரரும்

வீட்டு விலையோடு கணக்கு முடிவதில்லை. மாகாண முத்திரை வரி வழமையாக முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒன்றரைக் கோடி ரூபாய் வீடு என்றால் 599,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம், நில அளவை, பதிவு, திருத்த வேலை எல்லாம் இதற்கு மேலே. விலையைக் குறைத்து எழுதினால் வரி மிச்சம் என்று ஒருவர் காதில் ஓதுவார். மதிப்பீட்டில் பிடிபட்டால் மிச்சம் பிடித்ததைவிடக் கூடப் போகும்.

ஒரு சோதனை சொல்கிறேன். சேகரிப்புக்கு வியாபாரி எழுத்தில் சொன்ன விலையை எடுங்கள். புத்தக விலையை எடுக்க வேண்டாம். அந்தக் காசு வீட்டின் மொத்தச் செலவில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவா? அப்படியென்றால் சேகரிப்பு வீட்டை வாங்கவில்லை, கடன்தான் வாங்குகிறது. சேகரிப்பையும் இழந்து கடனையும் சுமப்பதைவிட, இரண்டு பேர்ச் குறைந்த வளவையோ காட்சி இல்லாத வீதியையோ பார்க்கலாம். பேர்ச் ஒன்று 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. இரண்டு பேர்ச் குறைந்தால் மாமரம் ஒன்று இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

மறுபக்கமும் உண்டு. 2022 மார்ச்சில் டொலருக்கு இருநூறு சொச்சமாக இருந்த ரூபாய் மே மாதத்தில் முந்நூற்று அறுபதாயிற்று. அந்த செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. சேமிப்புக் கணக்கில் பணம் வைத்திருந்தவர்களுக்கு அதன் பெறுமதியில் பாதிக்குக் கிட்டப் போயிற்று. பழங்காசையும் தங்கத்தையும் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். ஆகவே சேகரிப்பை விற்ற காசு வங்கியில் ஒரு வருடம் காத்திருக்கக் கூடாது. விற்பனையும் உறுதியும் கிட்டக் கிட்ட நடக்க வேண்டும். இதற்கு வழி, நொத்தாரிசு முன் எழுதும் விற்பனை உடன்படிக்கை. முற்பணம் சிறிதாக, முடிக்கும் காலம் ஆறு மாதத்துக்குக் குறையாமல், உரிமையில் குறை கண்டால் முற்பணம் திரும்ப வேண்டும் என்ற வாசகத்தோடு. விற்பவர் மூன்று மாதம்தான் தருவேன் என்றால், சேகரிப்பு அந்த மூன்று மாதத்தில் விலை போகாது என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

இன்னும் ஒரு கேள்வியை நம் பகுதியில் கேட்டே ஆக வேண்டும். வீடு யாருக்கு? கிழக்கில் மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுப்பது தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இன்னும் இருக்கும் வழக்கம். மூத்தவளுக்கு முன்வீடு, பெற்றோர் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு. நாற்பது வருடச் சேகரிப்பை விற்றுத் துறைமுகம் தெரியும் வீட்டை வாங்கி, இரண்டு வருடத்தில் அதை மகளுக்கு எழுதிவிட்டு, பின்வளவில் மதிலைப் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறீர்களா? அது தவறில்லை. முன்கூட்டியே தெரிந்து செய்தால் சந்தோசமும்கூட. அன்றைக்கு ஆசிரியரோடு வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி, இந்த இடத்தில் உள்ளே வந்தார். "அவள் கொழும்பிலதான் இருக்கப் போறாள் எண்டு சொல்லிப்போட்டாள். வீடு எங்கள் ரெண்டு பேருக்கும்தான்." ஆசிரியருக்கு இது செய்தி. அவர் மகளுக்கென்றே நான்கு அறை பார்த்திருந்தார்.

அந்த ஒரு வசனத்தில் வீட்டின் அளவு குறைந்தது. உவர்மலை வீட்டின் உறுதியில் வேறு, 1987இல் இந்தியாவுக்குப் போன ஒரு சகோதரரின் பங்கு எங்கும் காணப்படவில்லை. அதைக் கைவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து இரண்டு அறை வீடு ஒன்று அகப்பட்டது. முத்திரை அல்பமும் கடதாசித் தொகுதியும் முழுசாகப் போயின. கொழும்பு, காலிக் காசுகள் ஒரே ஆளிடம். சேதுக் காசுகளை மருமகனிடம் கொடுத்தார், விலைக்கு அல்ல. ஒன்பது டி காசுகளையும் நான் விற்கச் சொல்லவில்லை, வைத்திருக்கவும் சொல்லவில்லை. அவை இல்லாமலே கணக்குச் சரிவந்தது.

அலுமாரியை எங்கே வைப்பது

புது வீட்டுக்கு மிஞ்சியதைக் கொண்டு போகிறவர்களுக்கு இது. சேகரிப்பாளர் எல்லாருக்கும் அலுமாரியைத் துறைமுகம் தெரியும் அறையில் வைக்கத்தான் ஆசை. வைக்க வேண்டாம். வாடைக் காலத்தில் ஐப்பசி முதல் தை வரை ஈரக்காற்று அந்தச் சன்னலால்தான் வரும். முத்திரையில் துருப்புள்ளி விழுவதும் செப்பில் களிம்பு பூப்பதும் அந்த அறையில்தான். வீட்டின் நடு அறையில், வெளிச்சுவரில் முட்டாமல், நிலத்திலிருந்து ஒரு முழம் உயர்த்தி வையுங்கள். காசைப் பீவீசீ உறையில் போட வேண்டாம், அது பச்சையாகக் கசியும். அமிலமில்லாத கடதாசி உறை நல்லது. சிலிக்கா ஜெல் பைகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சூடாக்கி உலர்த்தி எடுங்கள். கச்சான் காலத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கொப்பியோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஆசிரியர் அதை ஆடி மாதத்தில் செய்கிறார். ஒன்பதுக்கு அரை நாள் எடுக்கிறது என்கிறார் அவருடைய மனைவி.